தொண்டைமானின் படைக்கொட்டிலும் சீனன்குடாவின் விமானங்களும்

போர்க்கருவிகள் தம் பயன் ஒழிந்த பின்னரே அழகு பெறுகின்றன. வாளும் கேடயமும் மாளிகைச் சுவர்களை அலங்கரித்ததும், பழைய பீரங்கிகள் பூங்காக்களின் வாயிலிற் காவலுக்கு வைக்கப்பட்டதும் நாம் அறிந்த செய்திகளே. இருபதாம் நூற்றாண்டில் இவ்வரிசையில் வந்து சேர்ந்துகொண்ட போர்விமானம், ஏனைய கருவிகள் எவையும் பெறாத ஒரு பற்றினைத் தன்பால் ஈர்த்துக்கொண்டுள்ளது. ஹரிக்கேன், ஸ்பிற்பயர் முதலாய விமானங்களைக் காண்பதற்கென இன்று மேல்நாட்டு நூதனசாலைகளுக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் அவை பறந்த போரைக் கண்டவரல்லர். தாம் வாழாத காலமொன்றை இழந்துவிட்டதாக அவர்கள் ஏங்குகின்றனர். இவ்வேக்கம் எதனை நினைவில் வைக்கிறது, எதனை நழுவவிடுகிறது என்ற வினாவை எழுப்புதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலும் பொருத்தமான இடம் நமது நாட்டில் இல்லை எனலாம்.

இவ்வேக்கத்திற் கைத்தொழிலாகப் பயில்வது மாதிரி கட்டும் கலையாகும். பிரித்தானிய நிறுவனமான எயர்பிக்ஸ் 1953இல் தனது முதலாவது விமான மாதிரியாக ஸ்பிற்பயரை வெளியிட்டது. எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவுத்திட்டம், அதாவது ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும் கணக்கு, அதன் பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டி, வர்ணம் பூசி, இலக்கமும் படைச்சின்னமும் பொறித்து முடிக்கும் இவ்வேலையைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவது தவறு. மாதிரி கட்டுவோர் பலர் ஆவணக் காப்பாளருக்கு நிகரான நுணுக்கம் உடையவர்கள். குறித்த ஒரு நாளில் குறித்த ஓர் அணியின் விமானத்தின் அடிவயிறு எந்நிறத்தில் இருந்தது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் வாதிடுவோர் அவர்களுள் உளர். உண்மையின்பால் இத்துணை அக்கறை கொண்டோரை வரலாற்று உணர்வு அற்றவர் என்று கூறிவிட முடியாது. அவ்வக்கறை எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதே நோக்கற்பாலது.

1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் தலைமையிலான யப்பானியக் கப்பற்படையின் விமானந்தாங்கிகளிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 130 விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. சீனன்குடாவிலிருந்து 261ஆம் அணியின் ஹரிக்கேன்களும் 273ஆம் அணியின் புல்மார்களும் எதிர்த்தெழுந்தன. துறைமுகக் கப்பற் பட்டறையும் விமானத்தளமும் சேதமுற்றன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் கப்பல் தீப்பற்றியது. தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கையினால் முதல்நாள் இரவே துறையை விட்டு அனுப்பப்பட்ட ஹேர்மிஸ், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர். கடலில் மிதந்தோருட் பலரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது.

விமானந்தாங்கிக் கப்பலாகவே ஆதியில் வரைந்து அமைக்கப்பட்ட முதலாவது கப்பல் ஹேர்மிஸ் என்பது கப்பற் பிரியர் அனைவரும் அறிந்தது. அதன் மாதிரியைச் செய்வோர் மேற்றளத்திற் சிறிய சுவோட்பிஷ் விமானங்களை வரிசையாக ஒட்டி வைப்பர். தளம் வெறுமையாயின் விமானந்தாங்கி என்ற அழகே போய்விடுமல்லவா! ஆனால் அன்று அக்கப்பலின் விமானங்கள் சீனன்குடாவில் தரையில் நின்றன. விமானங்கள் அற்ற விமானந்தாங்கியாகவே அது அழிந்தது. இலங்கைக் கடலில் நிகழ்ந்த அதன் இறுதியை உண்மைக்கு மாறுபடாமற் காட்ட விரும்பும் கலைஞன் வெறுந்தளத்தையே செய்தல் வேண்டும். அத்தகைய மாதிரி எவர் கண்ணையும் கவராது. ஏக்கம் விரும்புவது இயந்திரத்தின் நிறைவை. வரலாறு தருவதோ பெரும்பாலும் அதன் போதாமையை.

மனிதரைப் பொறுத்தவரையும் இவ்வாறே. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து கற்றலீனாப் பறக்கும் படகிற் சென்று யப்பானியக் கப்பல்களைக் கண்டு அறிவித்த கனேடிய விமானி லெனாட் பேச்சல், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டு, போரின் பின் மீண்டு, 'இலங்கையின் மீட்பர்' என்னும் பட்டப்பெயரோடு நெடுங்காலம் வாழ்ந்தார். அவரது விமானத்தின் எழுத்துக்களைப் பொறித்து மாதிரி கட்டுவோர் பலர். ஏப்ரல் 9ஆந் திகதி காலை அதே 413ஆம் அணியைச் சேர்ந்த இன்னொரு கற்றலீனா, றே தோமஸ் என்பவர் ஓட்டியது, திருகோணமலையை நோக்கி வந்த கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையில் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தோர் ஒருவரும் மீளவில்லை. திருகோணமலைக்குரிய கற்றலீனா அதுவேயாயினும், மீண்டு வந்து கதை சொல்ல எவரும் இல்லாமையால் அது பிரபலம் பெறவில்லை. ஏக்கத்துக்கு உயிரோடு திரும்பிய வீரன் வேண்டும். அவனது கையொப்பம் வேண்டும். பட்டறையில் வேலை செய்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் குண்டுவீச்சின் பின் நகரை விட்டு உள்நாடு நோக்கி ஓடியமை இக்கதையில் ஒரு வரியாகவேனும் இடம்பெறுவது அரிது. இடம்பெறும்போதும் துறைமுகப் பணிகள் தடைப்பட்டன என்ற முறைப்பாடாகவே அது எழுதப்படுகிறது.

சீனன்குடாவுக்கு விமான வரலாற்றில் இன்னோர் இடமும் உண்டு. 1944 ஆகஸ்ட் 10ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் பி-29 இரகக் குண்டுவீச்சு விமானங்கள் 54 சீனன்குடாவிலிருந்து புறப்பட்டு, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கச் சென்றன. இதற்கென ஓடுபாதை 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. போய்வரும் தூரம் 3,800 மைலுக்கும் அதிகம். அக்காலத்தில் அவ்விமானம் மேற்கொண்ட மிக நீண்ட பயணம் அதுவே. எண்ணெய் ஆலைக்கு நேர்ந்த சேதமோ சொற்பம். அத்தகைய தாக்குதல் சீனன்குடாவிலிருந்து மீண்டும் நடத்தப்படவில்லை. எனினும் தூரம் பற்றிய அந்த எண் மட்டும் விமானப் பிரியரின் நூல்களில் இன்றும் பெருமையோடு இடம்பெறுகிறது. பயனற்றுப்போன செயலும் எண்ணாக மாறியவுடன் சாதனையாகிவிடுகிறது.

இதே இரக விமானமொன்றே மறு ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவில் அணுகுண்டை வீசியது. எனோலா கே எனப் பெயரிய அவ்விமானத்தை 1995இல் காட்சிக்கு வைக்க முனைந்த வாசிங்ரன் தேசிய விமான விண்வெளி நூதனசாலை, குண்டுக்கு இலக்கானோரின் நிலையையும் விளக்கத்திற் சேர்க்க எண்ணியபோது, பழைய படைவீரர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. காட்சித் திட்டம் கைவிடப்பட்டது. நூதனசாலையின் பணிப்பாளர் மார்ட்டின் ஹார்விற் பதவி துறந்தார். விமானத்தின் முன்னுடற் பகுதி மட்டும், சர்ச்சைக்கிடமான விளக்கங்கள் நீக்கப்பட்டு, மக்களுக்குக் காட்டப்பட்டது. 2003இல் முழுவிமானமும் துலக்கப்பட்டுக் காட்சிக்கு வந்தபோது, அதன் பொறியியற் சிறப்புக்களே விளக்கப் பலகையில் முதன்மை பெற்றன. விமானத்தின் நீளத்தையும் வேகத்தையும் கூறுவது நடுநிலை என்றும், அது செய்ததைக் கூறுவது அரசியல் என்றும் ஒரு வழக்கு நூதனசாலைகளில் நிலைபெற்றுவிட்டது. தோக்கியோவின் யசுக்குனிக் கோவிலை அடுத்த யூசுக்கான் நூதனசாலையின் வாயில் மண்டபத்திற் பளபளப்போடு நிற்கும் சீரோ விமானமும் இவ்வழக்குக்கு உட்பட்டதே. வென்றவரும் தோற்றவரும் இவ்விடயத்தில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள்.

தமிழிலக்கியம் பயில்வோருக்கு இவ்விடத்துப் புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். அங்குள்ள கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் உலைக்கூடத்திற் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வதுபோற் பழிப்பதாக உரையாசிரியர் விளக்கும் அப்பாட்டு, ஒரு வகையில், உலகின் முதலாவது படைக்கல நூதனசாலை விமர்சனம் எனலாம். அலங்கரிக்கப்பட்ட கருவி தன் தொழிலை மறைக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஔவையாரும் போரை வெறுத்தவர் அல்லர். அவரது சார்பு அதியமானின் பக்கமே. ஆயினும் கருவியைப் பார்க்கும்போது அதன் தொழிலையும் சேர்த்துப் பார்த்தார். அத்துணையேனும் இன்றைய நூதனசாலைக்கு வாய்க்கவில்லை.

மாதிரி கட்டுவோர் இக்குறையை உணர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. தொண்டைமானின் கொட்டில்போலப் பளபளக்கும் மாதிரியை அவர்களுள் தேர்ந்தோர் விரும்புவதில்லை. முதலில் வெள்ளிப்பூச்சுப் பூசி, ஈரப்படுத்தி, உப்புத் தூள் தூவி, மேலே நிறம் தெளித்து, உலர்ந்த பின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், வெப்பநாட்டு வெயிலிலும் கடற்காற்றிலும் வர்ணம் உரிந்த தோற்றம் வந்துவிடும். புகைபோக்கியின் பின்னே கரி படியச் செய்வர். எஞ்சின் மூடியின் கீழ் எண்ணெய் வழியச் செய்வர். அதியமானின் முரிந்த வேலையே அவர்கள் உருவாக்க முயல்கின்றனர் என்று முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் அக்கறைகள் யாவும் இயந்திரத்தின் கறைகள். வெயில், மழை, எண்ணெய், புழுதி ஆகியவற்றுக்கு அங்கே இடமுண்டு, குருதிக்கு இல்லை. எயர்பிக்ஸ் பெட்டிகளுக்கு றோய் குறொஸ் வரைந்த புகழ்பெற்ற ஓவியங்களிற் காணப்பட்ட வெடிப்புகளும் தீச்சுவாலைகளும் பிற்காலப் பதிப்புகளில் அழிக்கப்பட்டமை இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. எதிரியின்றி, இலக்கின்றி, ஒரு தூய வானத்தில் விமானம் தனித்துப் பறக்கிறது. சீரோ விமானத்தை வடிவமைத்த பொறியியலாளரைக் கதைநாயகனாக்கி 2013இல் ஹயாவோ மியசாக்கி இயக்கிய சித்திரப்படம் இம்முரண்பாட்டை அறிந்தே எடுக்கப்பட்டது; அறிந்தும் அவ்வழகிலிருந்து அவராலேயே முற்றாக விடுபட முடியவில்லை.

இனி நமது நாட்டு நூதனசாலைக்கு வருவோம். 2009இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இரத்மலானை விமானப்படை நூதனசாலையில், 1951இல் தோன்றிய றோயல் இலங்கை விமானப்படை பயன்படுத்திய பழைய விமானங்கள் பேணப்படுகின்றன. பயிற்சிக்கென அமைக்கப்பட்ட ஜெற் புறோவோஸ்ற் விமானம் அவற்றுள் ஒன்று. சிறிய, உருண்ட முகமுடைய அவ்விமானத்தின் அருகே பாடசாலைப் பிள்ளைகள் நின்று படமெடுப்பது இயல்பே. ஆயின் 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது, சீனன்குடாவிற் பாவனையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இவ்வின விமானங்களே மீண்டும் இயக்கப்பட்டு, கிளர்ச்சியாளர் மீது தாக்குதல் நடத்த அனுப்பப்பட்டன. இலங்கை விமானப்படையின் முதற் போர்ப் பறப்புக்கு இலக்கானோர் அந்நியர் அல்லர். இந்நாட்டுக் கிராமத்து இளைஞர்கள், அவர்களுட் பலர் மாணவர்கள். பல்கலைக்கழகச் சமூகத்துக்கு இது தொலைவான செய்தியன்று. பிரித்தானியர் 1957இல் கைவிட்டுச் சென்ற சீனன்குடாத் தளம், யப்பானியரை எதிர்த்த தளம் என்று மட்டும் நினைவுகூரப்படுமாயின், அதன் ஓடுபாதையின் பாதி வரலாறே கூறப்பட்டதாகும்.

மறுபாதியை அறிந்தோர் வேறு. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் 2009 வரை வடகிழக்கில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு விமான இனங்கள் பற்றி இருந்த அறிவு, மேல்நாட்டு மாதிரிப் பிரியர் எவரையும் நாணச் செய்வது. மாக்கெட்டி விமானத்தைச் 'சியாமாசெட்டி' என்றனர்; குண்டு போடுவன யாவும் பொதுவிற் 'பொம்மர்'. அவ்றோ, புக்காரா, ஹெலி, பின்னாளில் 'கிபிர்', 'மிக்' என ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. ஆளில்லா வேவு விமானத்தின் ஓயாத இரைச்சலால் அதற்கு 'வண்டு' என்று பெயர். கண்ணாற் காணுமுன் காதாலேயே இனம் பிரித்தறிந்தனர். எது வட்டமிடும், எது ஒரே பாய்ச்சலில் குத்தி எழும், எந்த ஒலி கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்க எத்தனை விநாடி உண்டு என்பன அவர்களது பாடத்திட்டத்தில் அடங்கின. நூதனசாலைக்குச் செல்வோன் விமானத்தை அணுகி அணுகிப் பார்த்து அறிகிறான். இவர்கள் விலகி விலகி ஓடி அறிந்தனர். அறிவு ஒன்றே. அதைப் பெற்ற நிலைமைதான் வேறு.

2006 ஏப்ரல் இறுதியில் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் வான்வழிக் குண்டுகள் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கொட்டியாரக் குடாவின் இக்கரையிலிருந்து பார்த்தால் அக்கரையிற் புகை எழுவது தெரியும் தூரமே அது. 2008 ஆகஸ்ட் 26ஆந் திகதி இரவு விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மீது குண்டு வீசின. 1942க்குப் பின் அத்துறைமுகம் மீண்டும் வானிலிருந்து தாக்கப்பட்டது. இவ்விமானங்களுக்கும் இன்று ஏக்கம் கொள்வோர் உளர் என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஒருசாரார் கிபிரை வெற்றியின் சின்னமாகவும், இன்னொருசாரார் ஸ்லின் விமானத்தைத் துணிவின் சின்னமாகவும் போற்றும்போது, இரு சாராரும் விமானத்தைக் கீழிருந்து பார்த்தவனின் இடத்தில் நிற்க மறுக்கின்றனர். பிரித்தானியக் கிராமமொன்றில் ஹரிக்கேன் கட்டும் முதியவரிடம் குற்றங்காணும் தகுதி, தம்முடைய விமானத்தையும் அவ்வாறு பார்க்கத் துணிவோர்க்கே உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அம்முதியவருக்கும் குண்டுக்கும் இடையே எண்பது ஆண்டுகள் உள்ளன. சம்பூருக்கும் குண்டுக்கும் இடையே ஒரு தலைமுறையும் முற்றாகக் கழியவில்லை. இன்றைய பல்கலைக்கழக மாணவருட் சிலர் பிறந்தது பதுங்குகுழிக் காலத்தில்.

திருகோணமலையில் 1942இன் விமானம் ஒன்றேனும் நின்று பார்க்கக் கிடைப்பதில்லை. சீனன்குடாவில் எழுந்த புல்மார் இனத்திற் பிழைத்த ஒரேயொரு விமானம் இங்கிலாந்தின் யோவில்ரன் கடற்படை விமான நூதனசாலையில் உள்ளது. துறைமுகத்து நூதனசாலைகளிலும் ஒஸ்ரன்பேர்க் கோட்டைப் பகுதியிலும் உள்ளவை பெரும்பாலும் கப்பலும் பீரங்கியும் சார்ந்தவை. தீப்பற்றிய சகாயிங்கின் எலும்புக்கூட்டை 2018இல் கடற்படையினர் நீருக்கு மேல் கொணர்ந்தனர். விமானத்தைப் பற்றி இவ்வூர் வைத்திருக்கும் சான்று, விமானம் அல்லாத ஒன்று: சீனன்குடாக் காட்டினுள் உள்ள எண்ணெய்த் தொட்டிகளுள் 91ஆம் இலக்கத் தொட்டி. யப்பானியக் குண்டுவீச்சு விமானமொன்று அதன்மீது வீழ்ந்து வெடித்தது. பல நாட்கள் எரிந்த தீயில் கனத்த இரும்புச் சுவர் மெழுகெனச் சரிந்து மடிந்தது.

இத்தொட்டியைச் சுற்றியும் ஏக்கம் தன் கதையைப் பின்னியுள்ளது. அவ்விமானத்தின் மூவரும் வேண்டுமென்றே மோதித் தம்மை மாய்த்துக்கொண்டனர் என்றும், கமிக்காசே எனப்படும் தற்கொலைத் தாக்குதலுக்கு இதுவே முன்னோடி என்றும் உல்லாசப் பயணிகளுக்குக் கூறப்படுகிறது. யப்பானியக் கடற்படை தற்கொலை அணிகளை முறையாக அமைத்தது 1944 ஒக்ரோபரில், பிலிப்பைன்சில். அடிபட்டு வீழ்ந்த விமானம் ஒன்றின் இறுதிக் கணங்களில் அதன் ஓட்டியின் மனத்தில் இருந்ததைத் தரையிலிருந்து எவர் அறிவார்? ஆயினும் விபத்தைக் காட்டிலும் தியாகம் கதைக்கு உகந்தது. ஆகவே கதை வென்றது. எனினும் அத்தொட்டியின் எதிரே நிற்பவர் எவரும் வியப்பது விமானத்தின் வடிவழகை அன்று. அங்கே இறகும் இல்லை, சின்னமும் இல்லை, வர்ணமும் இல்லை. விமானம் செய்தது மட்டும் இருக்கிறது. அளவுத்திட்டத்துக்குச் சுருக்க எவரும் முயலாத காட்சிப்பொருள் அது. அவ்வகையில் இரத்மலானையிலும் வாசிங்ரனிலும் காணக்கிடைக்காத நேர்மை அதற்கு உண்டு.

அதற்கும் காவல் வேலி உண்டு. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி, எஞ்சியுள்ள 99 தொட்டிகளுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருசாராரின் கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. எரிந்த தொட்டி இக்கணக்கில் எவருடைய பங்கிலும் சேரவில்லை.